வழித்துணைவர் தோமஸ் குக்

திருக்கோணமலையிலே பிரடெரிக் கோட்டை வாயிலின் முன்னே, காலை வேளைகளில், உல்லாசப் பயணிகளை ஏற்றிய நீண்ட பேருந்துகள் வந்து நிற்பதுண்டு. இறங்குவோர் முப்பதின்மர், நாற்பதின்மர் இருப்பர். வழிகாட்டி ஒருவர் மடக்கிய குடையை உயர்த்திப் பிடித்து முன்னே நடப்பார். கோட்டைக்குள் உலவும் மான்களைப் படம் பிடித்துக்கொண்டு அவர்கள் கோணேசர் கோயிலை நோக்கி மேலேறிச் செல்வார்கள். அக்கூட்டத்திலே ஒருவரேனும் கணவனோ மனைவியோ தோழரோ உடனின்றித் தனித்து நடப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். கூட்டத்தைச் சேர்ந்தவரே, ஆயினும் தனித்தவர். அவரைப் பார்க்குந்தோறும், இவர் ஏன் இக்கூட்டத்தோடு வந்தார் என்னும் வினா என் உள்ளத்தில் எழுவதுண்டு.

அவ்வினாவுக்கு விடை, எதிர்பாராத வகையில், எம்மூரிலேயே கிடைத்தது. துறைமுகப் பகுதியில் வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், இலண்டனில் உள்ள மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஐரோப்பாவைச் சுற்றும் பேருந்துப் பயணம் ஒன்றிலே தன்னந்தனியே சேர்ந்து பத்து நாள் சென்று மீண்டார். மகனுக்கு விடுமுறை இல்லை, மருமகளுக்குக் கைக்குழந்தை. கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. வகுப்பறையிலே முப்பது ஆண்டு பூமிசாஸ்திரம் கற்பித்து, றைன் நதியைக் கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்து காட்டியவர், அந்நதியை ஒருமுறை கண்ணாற் காண விரும்பினார். தனியறைக்கு மேலதிகக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. முதல் இரண்டு நாளும் உணவு மேசையில் யாரருகே அமர்வது என்று தயங்கினாராம். மூன்றாம் நாள் அவர் கொண்டுபோன எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தல் மேசை முழுவதையும் சுற்றிவந்தது. ஊர் திரும்பியபின் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே. தனித்தவரைக் கூட்டத்திற் சேர்த்து ஊர்காட்டும் இந்த ஏற்பாட்டை முதலிற் செய்த புண்ணியவான் யாவர் என்று அறிய விரும்பினார். அவ்வம்மையாருக்குச் சொன்ன வரலாற்றையே இங்கு விரித்து எழுதுகின்றேன்.

அப்புண்ணியவான் ஆங்கில நாட்டவர். தோமஸ் குக் என்னும் பெயரினர். அவர் பெயரைப் பயணச்சீட்டுகளிலும் விளம்பரப் பலகைகளிலும் கண்டவர் பலர். அவர் ஒரு தச்சர், ஓர் உபதேசியார், மதுவிலக்குப் பிரசாரகர் என்பதை அறிந்தவர் சிலரே.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள டார்பிசயர் கோட்டத்தில் மெல்பேண் என்பது ஒரு சிற்றூர். அவுஸ்திரேலியப் பெருநகரமும் இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய பிரபு ஒருவர் வழியாகவே தன் பெயரைப் பெற்றது. அச்சிற்றூரிலே 1808-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 22-ஆம் நாள் குக் பிறந்தார். தந்தை கூலித் தொழிலாளி. மகன் குழந்தையாயிருந்தபோதே இறந்துபோனார். தாய் மறுமணம் செய்தும் வறுமை நீங்கவில்லை. பத்து வயதிற் பள்ளிப் படிப்பு நின்றது. தோட்டவேலைக்குச் சென்ற சிறுவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பென்னி கூலி. பின்னர்த் தச்சுத் தொழில் பயின்றார். தொழில் கற்பித்தோரிடையே குடியின் கேட்டை அருகிலிருந்து கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்து, வாழ்நாள் முழுவதையும் ஆட்டிப் படைத்தது.

பப்ரிஸ்த சபையினர் அவரிடம் இருந்த ஆர்வத்தைக் கண்டு 1828-இல் ஊர் ஊராகச் செல்லும் உபதேசியாராக நியமித்தனர். கால்நடையே வாகனம். 1829-ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் அவர் கடந்த தொலைவு 2,692 மைல் என்றும், அதில் 2,106 மைல் நடந்தே சென்றது என்றும் அவர் வைத்த கணக்குக் கூறுகின்றது. மைற்கணக்கை இவ்வளவு செம்மையாக எழுதி வைத்த இளைஞர் பிற்காலத்தில் உலகத்தின் பயண அட்டவணைகளைத் தொகுத்ததில் வியப்பில்லை. என் மனத்தைத் தொடுவது வேறொன்று. இரண்டாயிரம் மைலும் அவர் தனியே நடந்தார். மழையிலும் பனியிலும், முன்பின் அறியாத ஊர்களில், எந்த வீட்டில் இராத்தங்க இடம் கிடைக்கும், எக்கடையில் வாயில் வைக்கத்தக்க உணவு கிடைக்கும் என்று அறியாமல் நடந்தவர் அவர். தனிவழியின் இடர் இன்னதென்பது அவருக்கு நூலறிவன்று, காலறிவு.

சபையிடம் பணம் வற்றியதும் அவர் மீண்டும் உளியைக் கையிலெடுத்தார். 1833-இல் மரியான் மேசன் என்னும் பெண்மணியை மணந்து, மார்க்கற் ஹாபரோ என்னும் ஊரில் தளபாடம் செய்து வாழ்ந்தார். அடுத்த ஆண்டு யோன் மேசன் என்னும் மகன் பிறந்தான். தச்சுவேலை ஒருபுறம் நடக்க, மதுவிலக்குக் கூட்டங்களும் துண்டுப்பிரசுரங்களும் மறுபுறம் நடந்தன. குடியை விடு என்று ஏழைத் தொழிலாளியிடம் சொல்வது எளிது. வாரம் முழுவதும் உழைத்தவன் ஓய்வுநாளில் வேறெங்குச் செல்வான் என்பதற்கு விடை சொல்வதே அரிது. குக் இவ்வினாவைத் தவிர்த்துவிடவில்லை.

1841-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ஆம் நாள், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக அவர் தம் ஊரிலிருந்து லெஸ்டர் நகருக்குப் பதினைந்து மைல் வரையில் நடந்து சென்றார். அப்பகுதியில் புகையிரதப் பாதை அமைந்து ஓராண்டே ஆகியிருந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே, இப்புதுப் பொறியை மதுவிலக்குக்குத் துணையாக்கினால் என்ன என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. அன்றைய கூட்டத்திலேயே அதனை வெளியிட்டார். புகையிரதக் கம்பனியின் காரியதரிசியும் இசைந்தார். ஜூலை 5-ஆம் நாள், ஏறத்தாழ ஐந்நூறு பேர், கூரையில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் ஏறி, லெஸ்டரிலிருந்து லோபரோ வரை சென்று மாலையில் மீண்டார்கள். ஆளுக்கு ஒரு ஷில்லிங். வாத்திய கோஷ்டி முழங்கியது. பூங்காவிலே தேநீரும் விளையாட்டும் சொற்பொழிவும் நடந்தன. பன்னிரண்டு மைலுக்கும் உட்பட்ட பயணம்! எம்மூரிலிருந்து கன்னியா வெந்நீரூற்றுகளைத் தாண்டி அப்பாற் செல்லும் தூரம். ஆயினும் அவர்களிற் பலர் அதற்குமுன் புகையிரதத்தில் ஏறியவரல்லர்.

அன்றைய பயணத்தில் குக் பொருளீட்டவில்லை. அதன்பின் மூன்று நான்கு கோடைகாலங்களிலும் மதுவிலக்குச் சங்கங்களுக்காகவும் ஞாயிற்றுப் பள்ளிச் சிறுவருக்காகவும் இத்தகைய பயணங்களை ஒழுங்குசெய்தார். குடும்பத்துடன் லெஸ்டரிலே குடியேறி, அச்சுக்கூடமும் புத்தகக் கடையும் வைத்தார். 1845-இல் லிவர்பூலுக்குச் சென்ற பயணமே தொழில் முறையில் முதலாவது. முதல் வகுப்புக்குப் பதினைந்து ஷில்லிங், இரண்டாம் வகுப்புக்குப் பத்து. அதற்குமுன் அவர் செய்த காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். தாமே அவ்வழியெங்கும் முதலிற் சென்று, விடுதிகளைப் பார்த்து, காணத்தக்க இடங்களைக் குறித்து, அவற்றைச் சிறு கைந்நூலாக அச்சிட்டுப் பயணிகள் கையிற் கொடுத்தார்.

தமிழ் கற்ற நமக்கு இவ்விடத்தில் ஆற்றுப்படை நினைவுக்கு வருதல் இயல்பு. தான் சென்று கண்ட பாணன், எதிர்ப்பட்ட பாணனுக்கு வழியும் வழியிடை ஊரும் அவ்வூர்களிற் கிடைக்கும் உணவும் எடுத்துரைப்பதன்றோ அவ்விலக்கியம்? சென்று கண்டவனே வழி சொல்லத் தகுந்தவன் என்பது அதன் அடிப்படை. குக் அதனைக் கற்றவரல்லர். ஆயினும் அந்நெறியிலேயே நின்றார். ஒன்று மட்டும் வேறு. பாணன் வழி சொல்லித் தன்வழியே போய்விடுவான். குக் உடன் சென்றார்.

உடன் சென்றதனால் பழியையும் உடனிருந்தே ஏற்க நேர்ந்தது. 1846-இல் ஸ்கொட்லாந்துக்கு அழைத்துச் சென்றபோது வழியிலே ஏற்பாடு செய்த தேநீர் கிடைக்கவில்லை; கப்பலிலே படுக்கையறைகள் போதாமையால் பலர் இரவு முழுவதும் மேற்றளத்தில் மழையில் நனைந்தனர். கிளாஸ்கோவில் வாத்திய முழக்கத்துடன் வரவேற்பு நிகழ்ந்தது உண்மையே. நனைந்தவர் அதனை எவ்வளவு சுவைத்தனரோ! அவ்வாண்டிலேயே குக் கடனிறுக்க முடியாத நிலைக்கு வந்தார். வேறொருவராயின் அச்சுக்கூடத்தோடு அமைந்திருப்பர். அவரோ மறுமுறையும் ஸ்கொட்லாந்துக்கே கூட்டம் சேர்த்தார். 1851-இல் இலண்டனில் நிகழ்ந்த மாபெரும் பொருட்காட்சிக்கு அவர் ஒழுங்குசெய்து கொண்டுசென்றோர் தொகை ஒரு லட்சத்து ஐம்பதினாயிரத்துக்கும் மேல். வாரந்தோறும் சிறுதொகை கட்டிச் சேமித்து வந்த தொழிலாளரே அவர்களிற் பெரும்பாலோர். பதினேழு வயது மகன் யோன் மேசனும் தந்தைக்குத் துணைநின்று உழைத்தான்.

இனி, எம் ஆசிரியை அம்மையாரின் பயணத்துக்கு மூலமான பயணத்துக்கு வருவோம். 1855-இல் பாரிஸ் நகரில் ஒரு பொருட்காட்சி நடந்தது. கால்வாயைக் கடக்கும் குறுகிய வழியைத் தம் ஆட்சியில் வைத்திருந்த கம்பனிகள் குக்குக்குச் சலுகை தர மறுத்தன. அவர் சுற்றுவழி ஒன்றை வகுத்தார். ஹாவிச்சிலிருந்து கடல் கடந்து அன்ற்வேர்ப். அங்கிருந்து பிரசல்ஸ், கொலோன். பின்னர் றைன் நதிவழியே மேலேறி, ஹைடல்பேர்க், ஸ்ராஸ்பேர்க் கண்டு, பாரிஸ். இன்று இலண்டனிலிருந்து புறப்படும் சுற்றுலாப் பேருந்துகளின் நிரலை எடுத்துப் பார்ப்பின் இவ்வூர்களிற் பல இவ்வரிசையிலேயே அமைந்திருப்பதைக் காணலாம். கம்பனிகளின் பிடிவாதத்தால் உண்டான சுற்றுவழி, ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் வழியாகவே நிலைத்துவிட்டது! அம்மையார் தம் பயணநிரலை என்னிடம் காட்டியபோது இதனைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

அப்பயணத்திலும் குக்குக்கு நட்டமே. ஆயினும் அதிலே நான்கு சகோதரியர் சேர்ந்து சென்றனர். ஆண்துணையின்றி அயல்நாடு செல்வதா என்று உற்றாரும் நண்பரும் நகைத்ததை அவர்கள் பின்னர் எழுதி வைத்தனர். குக் உடனிருந்தமையால் அச்சமின்றிச் சென்று மீண்டதையும் எழுதினர். அக்கால ஆங்கில நாட்டிலே நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தனியே புகையிரதத்தில் ஏறுவதே ஏச்சுக்கு இடமாகும். செல்வர் வீட்டு ஆடவர் ஆசிரியரையும் பணியாளரையும் உடனழைத்து ஐரோப்பாவைச் சுற்றிவந்தனர். பெண்ணுக்கும், பள்ளி ஆசிரியனுக்கும், கடைக் கணக்கனுக்கும் அப்பாதை அடைத்தே கிடந்தது. பொருளின்மை ஒரு தடை. பிறமொழி அறியாமை மற்றொன்று. எல்லாவற்றினும் பெருந்தடை துணையின்மை. குக் திறந்தது இம்மூன்றாவது கதவையே என்பது என் கருத்து. கட்டணத்தைக் குறைத்தவர் அவர் ஒருவரல்லர். புகையிரதக் கம்பனிகளும் போட்டியிட்டுக் குறைத்தன. துணையை விற்றவர், அல்லது கொடுத்தவர், அவரே.

1862-இல் ஸ்கொட்லாந்துப் புகையிரதக் கம்பனிகள் அவருக்கு அளித்துவந்த சலுகைகளை நிறுத்திவிட்டன. பதினைந்து ஆண்டுக்கு மேலாக வளர்த்த தொழில் ஒரு கடிதத்தால் முறிந்தது. அவர் சுவிற்சர்லாந்தை நோக்கித் திரும்பினார். 1863-ஆம் ஆண்டு ஜூன் இறுதியிலே புறப்பட்ட அக்கூட்டத்தில் யோர்க்சயரைச் சேர்ந்த ஜெமிமா மொறெல் என்னும் பெண்மணியும் இருந்தார். வயது முப்பத்தொன்று. அவர் எழுதிய நாட்குறிப்பு, இரண்டாம் உலகப் போருக்குப்பின் கண்டெடுக்கப்பட்டு, 1963-இல் நூலாக வெளிவந்தது. விடியுமுன் எழுதல், குதிரை வண்டியிலும் கோவேறு கழுதையிலும் ஏறல், நிலத்தைத் தொடும் பாவாடையுடன் பனிப்பாறையைக் கடத்தல் என்று அப்பயணத்தின் களைப்பும் களிப்பும் அதிற் பதிவாகியுள்ளன. இன்று பேருந்திலே மெத்தை இருக்கையிற் சாய்ந்தவாறு அம்மலைகளைக் கடப்போர் அந்நூலை ஒருமுறை படித்தல் நன்று.

கூட்டம் பெருகப் பெருக ஏளனமும் பெருகியது. சாள்ஸ் லீவர் என்னும் அயர்லாந்து நாவலாசிரியர், அப்போது இத்தாலியில் ஆங்கில அரசின் உபதூதராயிருந்தவர், 1865-இல் புகழ்பெற்ற மாத சஞ்சிகை ஒன்றிலே புனைபெயரில் எழுதினார். அவுஸ்திரேலியா குற்றவாளிகளை ஏற்க மறுத்துவிட்டதனால் ஆங்கில அரசு அவர்களை இத்தாலிக்கு அனுப்புகின்றது என்றும், குக் அவர்களுக்குக் காவலாளி என்றும் கதை கட்டிவிட்டார். பயணிகளை மந்தை என்றும் அவர்களைச் சுற்றிச்சுற்றி ஓடும் குக்கை மந்தைநாய் போன்றவர் என்றும் பொருள்பட எள்ளினார். கற்றோர் பலர் இதைப் படித்து மகிழ்ந்தனர். குக் வெளிநாட்டு அமைச்சருக்கு முறையிட்டார், பயன் விளையவில்லை. ஆனால் அவர் தம் பத்திரிகையிலே அளித்த மறுமொழி வலுவானது. அருங்காட்சிகளும் அழகிய நாடுகளும் உயர்குலத்தார்க்கு மட்டும் உரியன என்று எண்ணுவோரின் செருக்கை அவர் கண்டித்தார். தம் கூட்டங்களிலே பெண்கள் பெருந்தொகையினராய் இருப்பதையும், அவர்கள் இடர்ப்பாட்டை ஆடவரினும் பொறுமையோடு தாங்குவதையும் பெருமிதத்துடன் எடுத்துக்காட்டினார்.

லீவரின் ஏளனம் இன்றும் மறையவில்லை. குடை பிடித்தவன் பின்னாற் செல்லும் கூட்டத்தைக் கண்டு நம்மவரும் நகைக்கின்றனர். யானும் ஒருகாலத்தில் நகைத்தவனே. ஆயினும் நம் நாட்டு வழக்கத்தை எண்ணிப் பார்த்தால் நகைப்பு அடங்கும். ஆண்டுதோறும் வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் முல்லைத்தீவைக் கடந்து எம்மூர் வழியாகவே வந்து, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில் கண்டு, குமணைக் காட்டினுட் புகுகின்றது. வேல் தாங்கியவர் முன்னே செல்வார். இடையிடையே ஊரூராக ஒருவர், இருவர் வந்து சேர்ந்துகொள்வர். கணவனை இழந்தவர், பிள்ளைகள் கடல் கடந்துபோனவர், நேர்த்தி வைத்தவர் எனத் தனித்தவரே அவர்களிற் பலர். யானையும் கரடியும் உலவும் காட்டைத் தனியே கடக்க எவரும் துணியார். கூட்டத்தோடு வயோதிகரும் கடப்பர். அதனை மந்தை என்று எவரும் சொல்வதில்லை. யாத்திரை என்றே சொல்கின்றோம்.

அடுத்து வந்த ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்வேன். 1865-இல் இலண்டனில் அலுவலகம் திறக்கப்பட்டது. மகன் அதனைப் பொறுப்பேற்றார். 1868 அளவில் விடுதிச் சீட்டு முறை வந்தது. இலண்டனிலே வாங்கிய சீட்டைக் கொடுத்து அயல்நாட்டு விடுதியிலே உண்டு உறங்கலாம். இது கூட்டத்தோடு செல்ல விரும்பாதவர்க்கும் உதவியது. 1869-இல், அறுபது வயதிலே, குக் நைல் நதியிலும் திருநாடாகிய பாலஸ்தீனத்திலும் கூட்டத்தோடு சென்றார். சிறுவயது முதல் வேதாகமத்திற் படித்த ஊர்களைக் கண்ணாற் கண்டது அவர் வாழ்வின் பெரும்பேறு. அவ்வாண்டு இறுதியிலே சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கீழ்த்திசை அண்மையில் வந்துவிட்டது.

1872 செப்டெம்பர் 26-ஆம் நாள், சிலர் அடங்கிய சிறு கூட்டத்தோடு, அவர் லிவர்பூலிற் கப்பலேறினார். அமெரிக்கக் கண்டத்தைக் கடந்து, பசுபிக் சமுத்திரத்தைத் தாண்டி, ஜப்பான், சீனம், சிங்கப்பூர் கண்டு, நம் இலங்கையையும் தொட்டு, இந்தியா சேர்ந்தார். அவர் உலகைச் சுற்றிக்கொண்டிருந்த அதே மாதங்களிலேயே ஜூல்ஸ் வேர்ன் எண்பது நாளில் உலகைச் சுற்றும் கதையைப் பாரிஸ் பத்திரிகை ஒன்றிலே தொடராக வெளியிட்டார் என்பது சுவையான ஒற்றுமை. கதைத் தலைவனுக்கு எண்பது நாள். குக்குக்கு 222 நாள். ஏறத்தாழ 25,000 மைல். அக்காலத்து அஞ்சற் கப்பல்கள் காலித் துறைமுகத்தையே நாடின. எம் திருக்கோணமலை, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றாயிருந்தும், ஆங்கிலக் கடற்படையின் தானமாகவே கிடந்தது. உல்லாசப் பயணிக்கு இங்கு வேலையில்லை. ஜப்பானின் உள்நாட்டுக் கடல் குக்கின் உள்ளத்தைக் கவர்ந்தது. காசி நகரத்து வழிபாட்டை அவர் விளங்கிக்கொள்ளவில்லை. தம் சமயத்தில் ஊன்றிய உபதேசியாரிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆயினும் ஊர்களைக் காட்டத் தெரிந்தவர்க்கு ஒவ்வொன்றையும் காணத் தெரிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

அவர் கடலிலிருந்தபோது வீட்டிலே ஒரு மாற்றம் உருவாகிக்கொண்டிருந்தது. மகன் இலண்டனிலே லட்கேற் சேர்க்கஸ் என்னுமிடத்திற் பெரிய அலுவலகத்தை அமைத்தார். தந்தை மீண்ட 1873-இலேயே அது இயங்கத் தொடங்கியது. தந்தைக்கும் மகனுக்கும் நெடுநாளாகவே கருத்து வேற்றுமை உண்டு. தந்தைக்குப் பயணம் ஓர் ஊழியம். பயணிகளோடு செபக்கூட்டம் நடத்துவதும், இடையில் கண்ட ஏழைகளுக்கும் பள்ளிகளுக்கும் பணம் கொடுப்பதும் அதன் பகுதிகளே. மகனுக்குப் பயணம் தொழில். தொழிலையும் சமயத்தையும் ஒரே கணக்கேட்டில் எழுதுதல் ஆகாது. சிறுவயதிலிருந்தே இரவுபகலாக உழைத்துத் தேய்ந்தவர் அவர். நிறுவனத்தைக் கடனினின்றும் காத்து உலகெங்கும் பரப்பியவரும் அவரே. ஆதலின் ஒருவரைச் சார்ந்து மற்றவரைப் பழிப்பதற்கு எனக்கு மனமில்லை. 1878 அளவிலே பிளவு முற்றியது. தந்தை தொழிலினின்றும் விலகி லெஸ்டருக்குப் போய்விட்டார்.

மகனின் ஆட்சியிலே நிறுவனம் வானளாவ வளர்ந்தது. 1881-இல் பம்பாயிலே கிளை திறந்தது. 1884-இல் கோர்டன் தளபதியை மீட்கச் சென்ற படையை நைல் நதியில் ஏற்றிச் சென்றது அதுவே. 1886 முதற் சில ஆண்டுகள், மக்காவுக்குச் செல்லும் இந்திய முஸ்லிம் யாத்திரிகரின் பயணத்தையும் இந்திய அரசு அதனிடமே ஒப்படைத்தது. லெஸ்டர் வீட்டிலோ வேறு கதை. ஒரே மகள் ஆன்னி தந்தையின் செல்லப்பிள்ளை. பயணங்களில் உடன் சென்றவள். அவள் நிறுவனத்தில் பணிபுரிந்த ஒருவரை மணக்க விரும்பினாள். தமையன் அதனை ஏற்கவில்லை. 1880 நவம்பர் மாதத்தில், குளியலறையில் நீரைச் சூடாக்கும் எரிவாயுக் கருவியிலிருந்து கசிந்த நச்சுப்புகையால் அவள் இறந்து கிடந்தாள். வயது முப்பத்தைந்து. தாய் அத்துயரினின்றும் மீளவேயில்லை, 1884-இல் மறைந்தார். குக்கின் கண்ணொளியும் மங்கிக்கொண்டே போயிற்று.

எத்தனையோ ஆயிரம் பேருக்கு வழித்துணையாய் நின்றவர், எட்டு ஆண்டுகளாக, அப்பெரிய வீட்டிலே பெரும்பாலும் தனித்தே வாழ்ந்தார். 1891-இல் நிறுவனத்தின் பொன்விழாவை இலண்டனிலே பெருவிருந்தாகக் கொண்டாடினர். அமைச்சரும் பிரபுக்களும் வந்திருந்து புகழ்ந்தனர். முதற் புகையிரதத்தை ஒரு ஷில்லிங்குக்கு ஓட்டியவர் அவ்விருந்திற்கு வரவில்லை; தளர்ந்து, பார்வையிழந்து, லெஸ்டரிலே இருந்தார். அக்காலத்தில் அவர் மேற்கொண்ட வேலை ஒன்று உண்டு. தாம் பிறந்த மெல்பேண் சிற்றூரிலே, வறியோர் வாழ்வதற்கெனப் பதினான்கு சிறு வீடுகளையும், அப்பஞ்சுடும் அடுக்களையையும், சலவைச் சாலையையும், ஒரு செபமண்டபத்தையும் கட்டுவித்தார். அவ்வீடுகள் இன்றும் உள்ளன.

1892 ஜூலை 18-ஆம் நாள், எண்பத்துமூன்றாம் வயதில், அவர் காலமானார். மனைவியும் மகளும் துயிலும் லெஸ்டர் மயானத்தில் அவர்களருகே அடக்கம் செய்யப்பட்டார். யோன் மேசன் 1899-இல் இறந்தார். பேரர் 1928-இல் நிறுவனத்தை விற்றனர். பின்னர்ப் பல கைமாறி, 2019 செப்டெம்பர் 23-ஆம் நாள் அது கடன்சுமையால் முற்றாக வீழ்ந்தது. அன்று வெளிநாடுகளில் இருந்த ஆங்கிலப் பயணிகள் மாத்திரம் ஒரு லட்சத்து ஐம்பதினாயிரம் பேர். அவர்களை அரசே விமானங்களை அமர்த்தி வீடு சேர்த்தது. அந்நடவடிக்கைக்கு இடப்பட்ட பெயர் மாற்றர்ஹோன். அது சுவிற்சர்லாந்து மலைச்சிகரம் ஒன்றின் பெயர். இந்தியாவிலே அதே பெயரோடு இயங்குவது வேறு உடைமையாளருடைய நிறுவனம்.

லெஸ்டர் புகையிரத நிலையத்தின் வாயிலிலே குக்குக்கு வெண்கலச் சிலை ஒன்று 1994-இல் நிறுவப்பட்டுள்ளது. அருகே பயணப் பெட்டியும் குடையும் இருக்க, அவர் கையிலுள்ள கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கின்றார். அச்சிலையின் படத்தை அம்மையாருக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். அவர்கள் பேருந்தின் வழிகாட்டியும் காலைதோறும் வாயிலில் இவ்வாறே நின்று, கடைசியாள் ஏறும்வரை உள்ளே வரமாட்டார் என்றார். பெரும்பாலும் அக்கடைசியாள் தாமேயாம். அடுத்த ஆண்டு இத்தாலிக்குச் செல்லும் கூட்டமொன்றில் ஓரிடம் கேட்டு எழுதியிருக்கின்றார்.